சைனஸ் ஸ்கானுக்குத் துண்டு கிடைத்தால்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: தடிமன் பிடித்திருக்கும்போது சைனஸ் ஸ்கான் எடுக்கப் போகாதீர்கள். மூக்கு ஒழுகுகிறது, தலை பாரமாக இருக்கிறது, இப்போது எடுத்தால்தானே நோய் தெளிவாகத் தெரியும் என்று தோன்றும். ஆனால் அப்படி எடுத்த படம் அந்தத் தடிமனைத்தான் காட்டும். வருடக்கணக்காக உங்களை வாட்டுகிற தொல்லை அதற்குள் மறைந்து போகும்.

நான் 29 வருடம் ரேடியோகிராபராக வேலை செய்தவள். ஈரப் பிலிமை இருட்டறையில் கிளிப்பில் தொங்கவிட்டுக் காயவைத்த காலத்தில் தொடங்கி, கணினித் திரையில் மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் காலத்தில் ஓய்வு பெற்றேன். இப்போது திருகோணமலை உவர்மலையில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது பெரிய மண்ணிற உறையோடு படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். "மிஸ், இதை ஒருக்காப் பாருங்க, பயப்படுற மாதிரி ஏதும் இருக்கா?" படத்தை வாசித்து நோய் சொல்வது கதிரியக்க வைத்திய நிபுணரின் வேலை, என்னுடையது அல்ல. ஆனால் படத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. உறையோடு வருகிறவர்களுக்கு வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தடிமன் விஷயத்துக்கு வருகிறேன். 1994இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. புதிதாகச் சாதாரணத் தடிமன் பிடித்த 31 பேருக்குச் சி.டி. ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். 87 சதவீதமானோருக்குக் கன்னத்துச் சைனஸில், அதாவது கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையில், கோளாறு தெரிந்தது. அவர்களில் சிலருக்கு இரண்டு கிழமை கழித்து மறுபடி எடுத்தபோது, அன்டிபயோட்டிக் எதுவும் எடுக்காமலே பெரும்பாலானோருக்கு அது தெளிந்தோ நன்றாகக் குறைந்தோ இருந்தது. ஆகவே தடிமனோடு போய் எடுத்தால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் 'சைனஸ் நோயாளி' ஆகிவிடுவார்கள்.

இதை நான் ஆய்வில் படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டிருக்கிறேன். கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் வந்தார். 2009இல் பாலம் திறப்பதற்கு முந்திய காலம் அது. விடியற்காலையில் படகுப் பாதை ஏறி, பஸ் மாறி, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. படம் எடுத்தேன். இரண்டு கன்னக் குழிகளும் வெண்மையாக மூடியிருந்தன. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவர் மாதக்கணக்கில் மருந்து எடுத்தார். பிறகு நல்ல சுகத்தோடு வந்த ஒருநாள் எடுத்த படத்தில் இரண்டும் கறுப்பாக, தெளிவாக இருந்தன. அவருக்கு இருந்தது வேறு தலைவலி. அன்றைக்குத் துணிந்து "இரண்டு கிழமை கழித்து வாங்கோ அம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும்.

நம்முடைய ஊரில் மூக்குக்குக் கெட்ட காலம் இரண்டு. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றும் மாரி மழையும் வந்து, வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பூக்கும். இந்த இரண்டு காலத்திலும் கிளினிக் நிரம்பி வழியும், ஸ்கானுக்கான திகதியும் பெரும்பாலும் அப்போதே விழும். அன்றைக்குத் தடிமன் இருந்தால், முதல்நாளே போன் எடுத்துச் சொல்லி இரண்டு மூன்று கிழமை தள்ளிக் கேளுங்கள். திகதியை விட்டால் மறுபடி கிடைக்காது என்ற பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள். ஸ்கான் அறையில் இருப்பவர்களுக்கும் பயனில்லாத படம் எடுப்பதில் விருப்பம் இல்லை.

பெரும்பாலும் காது மூக்கு தொண்டை வைத்தியர், 12 கிழமைக்கு மேலாகத் தொல்லை இருந்து, மூக்குக்கு அடிக்கும் ஸ்டீரோயிட் ஸ்பிரே, உப்புநீரால் கழுவுதல் எல்லாம் சில கிழமை ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகுதான் ஸ்கானுக்கு எழுதுவார். அந்தச் சில கிழமையை வீணான காத்திருப்பு என்று நினைக்க வேண்டாம். மருந்தால் தெளியக்கூடியது தெளிந்த பிறகு மிச்சமாக நிற்பதுதான் வைத்தியர் பார்க்க விரும்புவது. ஆகவே ஸ்கான் நாள் வருகிறதே என்று ஸ்பிரேயை நீங்களாக நிறுத்தாதீர்கள். உப்புநீர் கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொதிக்கவைத்து ஆறவைத்த நீரை மட்டும் பாவியுங்கள். கிணற்று நீரை அப்படியே மூக்கில் விட வேண்டாம். சூடான நன்னீரில் வாழக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைப் பறிக்கக்கூடியது. அது மிக அரிது, ஆனால் வந்தால் தப்புவது கடினம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பவர்களும் அந்த நீரை மூக்கில் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

மேலே சொன்னது எல்லாம் அவசரமில்லாத தொல்லைக்கு. கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், பார்வை மங்கினால், கடும் காய்ச்சலோடு தலையிடியும் கழுத்து விறைப்பும் வந்தால், ஆள் மயங்கிப் பேச்சுக் குழறினால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சைனஸுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. அதற்கு இலத்தீனில் வைத்த பெயரே 'காகிதத் தகடு' என்ற பொருளுடையது. சீழ் அதைக் கடந்து கண்குழிக்குள் போக நாட்கள் தேவையில்லை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீனி கட்டுப்பாடில்லாமல் இருக்கும்போது கன்னம் மரத்துப்போனால், ஒரு பக்க முகம் வலித்து வீங்கினால், மூக்குக்குள் கறுத்த பொருக்குத் தெரிந்தால், அது எலும்பையும் இரத்தக் குழாயையும் தின்னும் பங்கசாக, அதாவது பூஞ்சணமாக, இருக்கலாம். அங்கே மணித்தியாலங்கள் முக்கியம். தலையில் அடிபட்ட பிறகு, குனியும்போது ஒரு மூக்கால் மட்டும் தண்ணீர் போலச் சொட்டினாலும் தடிமன் என்று விடாதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம்.

எந்தப் படம்

பழைய ஆட்கள் இன்னும் "ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரியுந்தானே" என்பார்கள். சைனஸ் எக்ஸ்ரே நான் ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறேன், அதில் எனக்குப் பாசமும் உண்டு. நோயாளியை இருக்கவைத்து, நாடியைப் பலகையில் முட்டவைத்து, மூக்கைச் சற்று விலக்கி, வாயைத் திறக்கச் சொல்லிப் பின்தலையிலிருந்து எடுப்போம். வாய் திறப்பது எதற்கென்றால், மூக்கின் ஆழத்திலுள்ள ஸ்பீனொயிட் சைனஸ் அந்த வாய் இடைவெளிக்குள்தான் தெரியும். இருக்கவைத்து எடுப்பது எதற்கென்றால், சைனஸுக்குள் நீர் நின்றால் பாத்திரத்து நீர்போல மட்டமாக நிற்கும், மேலே காற்று கறுப்பாக, கீழே நீர் வெள்ளையாக. அதே ஆளைப் படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் அந்த மட்டம் காணாமல் போகும்.

ஆனால் எக்ஸ்ரேயில் முகத்தின் அத்தனை எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கண்களுக்கு நடுவே தேன்கூடு மாதிரி இருக்கும் எத்மொயிட் அறைகளை அதில் பிரித்துப் பார்க்க முடியாது. நோய் பெரும்பாலும் தொடங்குவதே அந்தப் பக்கத்தில்தான். அதனால்தான் இன்றைக்கு, நீண்ட நாள் தொல்லைக்குச் சி.டி. ஸ்கான். முதன்முதலில் 1971இல் இங்கிலாந்தில் ஒரு நோயாளியின் மூளையைப் பார்க்கத்தான் அது பயன்பட்டது. மூக்குக்குள் கமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பும் ஸ்கானும் சேர்ந்தால்தான் முழு விபரம் கிடைக்கும். கமரா வாசலைக் காட்டும், ஸ்கான் அறைக்குள் இருப்பதைக் காட்டும்.

எம்.ஆர்.ஐ. கூடிய விலை என்பதால் கூடிய நல்லது என்று நினைக்கிறவர்கள் பலர். அது சதையையும் கட்டியையும் நன்றாகப் பிரித்துக் காட்டும், எலும்பை அவ்வளவு தெளிவாகக் காட்டாது. கட்டி சந்தேகமானால், நோய் கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்குமோ என்று பயந்தால் அதற்கு எழுதுவார்கள். இன்னொன்று, பங்கசு இறுகிக் காய்ந்து நிறைந்த சைனஸ், எம்.ஆர்.ஐ.யின் சில படங்களில் காற்று நிறைந்த சைனஸ் போலவே கறுப்பாகத் தெரியும். நல்லது என்று ஏமாந்துவிடலாம். சாதாரணப் பீனிசத்துக்கு, அதாவது சைனஸ் அழற்சிக்கு, சி.டி.தான் சரி.

சின்னப் பிள்ளைகளின் தாய்மார் "நெற்றி வலிக்குதாம், நெற்றிச் சைனஸைப் பார்க்க ஒரு படம்" என்று கேட்பார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு நெற்றியில் படத்தில் தெரியக்கூடிய சைனஸே இல்லை. கன்னச் சைனஸும் எத்மொயிட்டும் பிறக்கும்போதே சிறிதாக இருக்கும். நெற்றியில் உள்ளது ஆறு, ஏழு வயதளவில்தான் படத்தில் தலைகாட்டும், வளர்ந்து முடியப் பதின்ம வயது ஆகும். வாயைத் திறந்து தூங்கிக் குறட்டை விடும் பிள்ளைக்கு, மூக்குக்குப் பின்னாலுள்ள அடினோயிட் சதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

துண்டில் என்ன இருக்க வேண்டும்

வைத்தியர் எழுதித் தரும் துண்டை மடித்துப் பைக்குள் வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "டொக்டர், இந்த ஸ்கானில் எதைப் பார்க்கப் போறீங்க?" அவர் கோபிக்க மாட்டார். 'சைனஸ் ஸ்கான்' என்று மட்டும் எழுதிய துண்டுக்கும், 'எட்டு மாதமாக வலப்பக்கம் மட்டும் அடைப்பு, துர்நாற்றம், மேல் கடைவாய்ப் பல்லில் நரம்பு எடுத்தது' என்று எழுதிய துண்டுக்கும் வரும் ரிப்போர்ட் ஒன்றாக இருக்காது. எந்தப் பக்கம், எவ்வளவு காலம், முன்பு மூக்கில் சத்திரசிகிச்சை செய்ததா, மேற்பற்களில் என்ன வேலை நடந்தது: இவை துண்டில் இருக்க வேண்டும்.

பல்லைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது. என் தம்பிக்கு ஏழு மாதமாக வலது மூக்கால் மட்டும் மஞ்சளாகச் சளி, கெட்ட நாற்றம். அவனுக்குத்தான் முதலில் மணக்கும், பிறகு பக்கத்தில் இருப்பவர்களுக்கும். கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். நான்கு தடவை அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். குடித்தால் பத்து நாள் நல்லது, பிறகு அதே கதை. நானே எக்ஸ்ரே எடுத்தேன். வலது கன்னச் சைனஸ் முழுக்க வெள்ளை, இடது பக்கம் துப்புரவாகக் கறுப்பு. "பீனிசந்தான்" என்று சொன்னேன். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று நான் யோசிக்கவில்லை.

வெளியூரில் ஒரு ஸ்கானும் எடுத்தார்கள். பல் வரிசை படத்துக்குள் வராமல் மேலேயே வெட்டிவிட்டிருந்தார்கள். அதிலும் பீனிசம் என்றே ரிப்போர்ட். கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை வைத்தியர் பற்களையும் சேர்த்து மறுபடி எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. கன்னச் சைனஸின் அடித்தளம் மேல் கடைவாய்ப் பல்லின் வேர்நுனியில் உட்கார்ந்திருக்கும். அவனுடைய பல்லின் வேர்நுனியைச் சுற்றிக் குன்றிமணி அளவில் ஒரு கறுப்பு வட்டம். அந்த வட்டத்துக்கும் சைனஸுக்கும் இடையில் இருக்க வேண்டிய மெல்லிய வெள்ளைக்கோடு, அதாவது எலும்பு, அந்த இடத்தில் மட்டும் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் நரம்பு எடுத்து மூடிய பல் அது. ஒருநாள்கூட அவனுக்குப் பல் வலிக்கவில்லை. அந்தப் பல்லைக் கழற்றிச் சைனஸையும் சுத்தம் செய்த பிறகுதான் நாற்றம் விட்டது.

ஆகவே ஒரு பக்கம் மட்டும் தொல்லை என்றால், ஸ்கான் அறையில் படுப்பதற்கு முன் "மேற்பல்லும் வருமா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் அடைப்பது பெரும்பாலும் ஒவ்வாமை, மூக்குக்குள் சதை வளரும் பொலிப் போன்றவை. ஒரு பக்கம் மட்டும் அடைப்பதற்குப் பின்னால் பல், பங்கசு உருண்டை, கட்டி என்று வேறு காரணங்கள் இருக்கலாம். ஒரு பக்க அடைப்போடு இரத்தமும் வந்தால் தாமதிக்கவே வேண்டாம்.

போகும் நாள்

சாதாரண சைனஸ் ஸ்கானுக்கு மருந்து ஏற்றுவதில்லை. காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டே போகலாம். கட்டியோ கண்ணுக்குப் பரவியதோ சந்தேகமாக இருந்தால் மட்டும் நரம்பில் அயடீன் மருந்து ஏற்றுவார்கள். அப்போது சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைக் கேட்பார்கள். அதை முன்கூட்டியே செய்து கையில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் மூதூரிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும். சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின் குடிக்கிறவர்கள், முன்பு அந்த மருந்துக்கு உடம்பில் தடித்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் சொல்ல வேண்டும்.

பழைய படம், பழைய ரிப்போர்ட், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பழைய படம் பழையது என்று வீட்டில் விட்டுவிடாதீர்கள். மாறியிருக்கிறதா என்று பார்க்க அதுதான் வேண்டும்.

நகையைப் பற்றி நிறையக் கேட்பார்கள். மூக்குத்தி கட்டாயம் கழற்ற வேண்டும். படத்தின் நட்ட நடுவில் இருப்பது அது. உலோகம் இருந்தால் அதைச் சுற்றிச் சூரியக் கதிர்போல வெள்ளைக் கோடுகள் சிதறிப் பக்கத்தில் உள்ளதை மறைத்துவிடும். வருடக்கணக்காகக் கழற்றாத மூக்குத்தியின் சுரை இறுகியிருக்கும். முதல்நாள் இரவே கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்கான் அறை வாசலில் நின்று முறுக்கி இரத்தம் வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். தோடு, கொண்டை ஊசி, கழற்றக்கூடிய பல் செட், கண்ணாடி எல்லாம் கழற்ற வேண்டும். தாலிக்கொடியைச் சி.டி. ஸ்கானில் பெரும்பாலும் கழற்றத் தேவையில்லை. நெஞ்சுப் பக்கமாக இறக்கிவிட்டால் படத்துக்குள் வராது. எம்.ஆர்.ஐ. என்றால் மாத்திரம் கட்டாயம் கழற்றத்தான் வேண்டும், அது பெரிய காந்தம். மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிறு ஒன்று கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளலாம். பர்தா அணிகிறவர்கள் ஊசி குத்தாத பருத்திச் சால்வை ஒன்று கொண்டுபோங்கள், ஊசியை மட்டும் எடுத்தால் போதும்.

எம்.ஆர்.ஐ.க்குப் போகிறவர்களில், துறைமுகத்திலும் பட்டறையிலும் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். கண்ணுக்குள் கிடக்கும் துளியைக் காந்தம் அசைத்துவிடும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அப்படியே.

கர்ப்பமாக இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் உள்ளே போவதற்கு முன் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று சொல்லாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். தனியாக அழைத்துச் சொன்னால் போதும். கதிர்வீச்சின் அளவைக் கேட்பவர்களுக்கு: ஒரு சைனஸ் ஸ்கானில் கிடைப்பது பெரும்பாலும் 1 மில்லிசீவேர்ட்டுக்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒரு மனிதனுக்கு வருடத்தில் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. பயந்து தேவையான ஸ்கானைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் கண்வில்லை அந்தக் கதிருக்குள்தான் இருக்கிறது, ஆகவே மனத்திருப்திக்காக வருடாவருடம் எடுப்பதும் சரியில்லை.

உள்ளே போனதும் மெதுவாக மூக்கைச் சிந்திக்கொள்ளுங்கள். மல்லாந்து படுக்கவைத்து, தலையைத் தாங்கியில் வைத்துப் பட்டி போடுவார்கள். வளையம் சுற்றும் சத்தம் கேட்கும். படம் பிடிபடுவது சில வினாடிதான். அந்த நேரம் மூச்சுப் பிடிக்கத் தேவையில்லை, விழுங்காமல், பேசாமல், தலையை அசைக்காமல் இருந்தால் போதும். முன்பெல்லாம் முகத்துக்கு நேரான படம் வேண்டுமென்றால் குப்புறப் படுத்துக் கழுத்தை அண்ணாந்து வைத்திருக்க வேண்டும், வயதானவர்கள் அழுதுவிடுவார்கள். இப்போது ஒரே தடவை மெல்லிய துண்டுகளாக எடுத்து, மூன்று பக்கத்துப் படத்தையும் கணினியே உருவாக்கிக்கொள்கிறது.

படத்தைக் கையில் வாங்கிய பிறகு

யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பதில் தவறில்லை. உங்களை நேரே பார்க்கும் முகம்போல உள்ள படங்களைத் தேடுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பது நோயாளியின் வலது பக்கம். கறுப்பு காற்று, வெள்ளை எலும்பு, சாம்பல் நிறம் சதையோ நீரோ. இரண்டு கண்களும் சாம்பல் வட்டமாகத் தெரியும். அவற்றுக்குக் கீழே முக்கோணம் மாதிரி இரண்டு கறுப்பு அறைகள் கன்னச் சைனஸ்கள். நடுவில் நிற்கும் சுவர் மூக்கின் தண்டு. அதற்கு இருபுறமும் சுருண்டு தொங்கும் சதைகள் டர்பினேட்டுகள். ஒரு பக்கத்து டர்பினேட் மற்றதைவிடப் பெருத்திருந்தால் பதற வேண்டாம். நல்ல சுகமான மூக்கிலும் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்கும், பிறகு மாறும். ஸ்கான் எடுத்த நேரம் எந்தப் பக்கத்து முறையோ அது பெருத்துத் தெரியும்.

கன்னச் சைனஸின் உள்மூலையில் மேலே, கண்ணுக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்னக் கறுப்பு வழி மூக்குக்குள் திறக்கும். அந்த வாசல் அறையின் அடியில் இல்லை, கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் சளியைக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பதுபோல மேலே தூக்கி அந்த வாசலால் வெளியே தள்ளுகின்றன. அந்த இடம் அடைத்தால் கன்னம், நெற்றி, முன் எத்மொயிட் மூன்றும் சேர்ந்து அடைபடும். ரிப்போர்ட்டில் 'ஓ.எம்.சி.' என்று வருவது இந்தச் சந்தியைத்தான். வைத்தியர் படத்தைக் கையில் எடுத்ததும் அவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

ரிப்போர்ட்டில் உள்ள சில சொற்கள் வீணாக நித்திரையைக் கெடுக்கும். 'ரிடென்ஷன் சிஸ்ட்' என்றால் பெரும்பாலும் தொல்லை தராத நீர்க்குமிழ். 'மைல்ட் மியூக்கோசல் திக்கனிங்' என்றால் உட்தோல் சற்றுத் தடித்திருக்கிறது, தொல்லையே இல்லாத பலருக்கும் அது இருக்கும். 'டி.என்.எஸ்.' தண்டு வளைவு, 'கொங்கா புல்லோசா' டர்பினேட்டுக்குள் காற்றறை. இவை இருப்பதாலேயே சத்திரசிகிச்சை தேவை என்று ஆகாது. 'லண்ட் மக்கே' என்று போட்டு ஓர் இலக்கம் இருந்தால், அது 24க்குள் எவ்வளவு அடைப்பு என்ற கணக்கு. 4 எடுத்தவர் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார், 16 எடுத்தவர் சாதாரணமாக வேலைக்குப் போவார். இலக்கமும் வேதனையும் சேர்ந்து போவதில்லை.

'எரோஷன்' அதாவது எலும்பு அரிப்பு, 'ஹைப்பர்டென்ஸ்' என்று ஒரு பக்கச் சைனஸுக்குள் வெண்மையான பொருள், ஒரே பக்கத்தில் முழு அடைப்பு: இந்தச் சொற்களைக் கண்டால் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை வைத்திருக்காமல் முன்னதாகவே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

படம் துப்புரவாக இருக்கிறது என்றால் பலருக்கு ஏமாற்றம். "அப்ப என்ர தலையிடி பொய்யா?" என்று ஒரு ஆசிரியை என் வாசலில் நின்று அழுதார். பொய்யே இல்லை. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய சுமார் 3,000 பேரைச் சோதித்தபோது 88 சதவீதமானோரின் தலைவலி மைக்ரேன் வகையாக இருந்தது. மைக்ரேனிலும் கன்னம் கனக்கும், மூக்கு அடைக்கும், கண் நீர் வடியும். துப்புரவான படம் அந்த ஆசிரியைக்குச் சரியான மருந்துக்கான வழியைத் திறந்தது. தலைவலி இருக்கும்போது எடுத்த படம் துப்புரவாக இருந்தால் அது இன்னும் வலுவான சாட்சி, அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சை என்று முடிவானால் அந்த ஸ்கான்தான் வைத்தியரின் வரைபடம். மூக்கின் கூரைக்கு மேலே மூளை. அந்தக் கூரை சிலருக்குச் சில மில்லிமீற்றர் ஆழம்தான் இறங்கியிருக்கும், சிலருக்கு ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டும். பக்கத்தில் கண், பின்னால் பார்வை நரம்பு. ஆகவே தியேட்டருக்குப் போகும் நாளில் ரிப்போர்ட் மட்டும் போதாது. பிலிமும் சீடியும் கட்டாயம் வேண்டும்.

பத்திரப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். நம்முடைய உப்புக்காற்றில் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் தோல் உரிவதுபோல உரியும். இறுக்கிக் கட்டிய ஷொப்பிங் பையில் வைக்காமல், கடதாசி உறையில், பிலிமுக்கு இடையில் வெள்ளைத் தாள் வைத்து, அலுமாரியின் மேல்தட்டில் நிமிர்த்தி வையுங்கள். சீடியை யாரிடமாவது கொடுத்துப் பென்ட்ரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், இப்போது பல கணினிகளில் சீடி போடும் இடமே இல்லை. உறையின் வெளியே பெயரையும் எந்தப் பக்கத்துத் தொல்லை என்பதையும் மாதம் வருடத்தையும் பெரிதாக எழுதுங்கள், அன்றைக்குத் தடிமன் இருந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து.